இரவல் மின்சாரம்

கடைசி அனல் மின் நிலையத்தை மூடிய பிறகு நாட்டின் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. கடலோரம் நெடுக அணு உலைகளைக் கட்டுவது ஒன்று. வெயிலையும் காற்றையும் நம்பி, மிஞ்சியதைப் பேட்டரியில் சேர்த்து வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது இன்னொன்று. இரண்டாவது வழியில் ஒரு சங்கடம் இருந்தது. வருஷத்தில் சில நாட்கள் வெயிலும் அடிக்காது, காற்றும் வீசாது. பேட்டரியும் வற்றிப்போகும். அந்தச் சில நாட்களுக்கு என்ன செய்வது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. பேராசிரியர் அருமைநாயகத்திடம் இருந்தது.

அவருடைய பதில் ஒரு சின்னப் பெட்டி. வீட்டு மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். தட்டுப்பாடு வரப்போகிறது என்று தெரிந்தால் அது பேசும். "கரண்டு பத்தாம இருக்கு. இன்னைக்குப் பொழுது சாயிற வரைக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க முடியுமா?" என்று ஒரு பெண்குரல், பக்கத்து வீட்டில் காப்பித்தூள் கேட்பதுபோலக் கேட்கும். பச்சைப் பொத்தானை அமுக்கினால் அந்த இணைப்பில் ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் மட்டும் ஓடும். மீதி தேவைப்பட்டவர்களுக்குப் போய்ச் சேரும். சாம்பல் நிறப் பொத்தானை அமுக்கினால் எதுவும் மாறாது. அரசாங்கம் இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் 'இரவல்' என்றார்கள்.

பணம் கொடுத்துக் கேட்டால் இருப்பவன் வைத்துக்கொள்வான், இல்லாதவன் விற்றுவிட்டு இருட்டில் கிடப்பான் என்பதால் பணமே கூடாது என்று சொல்லிவிட்டார் அருமைநாயகம். மறுக்கும் பொத்தானுக்குச் சிவப்பு நிறம் வேண்டாம் என்றதும் அவர்தான். இல்லை என்பது குற்றம்போலத் தெரியக் கூடாது. யார் எதை அமுக்கினார்கள் என்பதைக் கணினி அப்போதே மறந்துவிட வேண்டும். மானத்துக்குப் பயந்து கொடுப்பது கொடுப்பதே அல்ல என்று அவர் எல்லாக் கூட்டங்களிலும் சொன்னார். கேட்டும் போதவில்லையென்றால் கணினி குலுக்கல் போட்டு ஏதாவது ஒரு பகுதியை அணைக்கும். ஆஸ்பத்திரி, குடிநீர் மோட்டார், வீட்டில் நோயாளிக்குக் கருவி வைத்திருப்பவர்கள், இவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. தொழில்களுக்குக் கிடையாது. ஒரு தொழிலுக்குக் கொடுத்தால் எல்லாத் தொழிலும் வரிசையில் வந்து நிற்கும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே வேலாங்கரை வட்டத்தில் திட்டத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அருமைநாயகத்தின் வீடும் அவர் பாடம் நடத்தும் கல்லூரியும் அங்கேதான். சோதனை தேறினால் நாடு முழுக்க இரவல் வரும். தோற்றால் பக்கத்துக் கடற்கரையில் அணு உலை வரும்.

உலைக்காக வாதாடியவர் மங்கையர்க்கரசி. அணு மின் நிலையம் ஒன்றில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, வேலாங்கரையிலேயே குடியிருந்தவர். அருமைநாயகமும் அவரும் எத்தனையோ மேடைகளில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். அவர் குரலை உயர்த்தாமல் பேசுவார்.

"ஜனங்க நல்லவங்களா இருந்தாத்தான் விளக்கு எரியும்னு ஒரு ஏற்பாடு செய்யக் கூடாது சார். கெட்டவன் வீட்லயும் எரியணும். மனசு சரியில்லாத அன்னைக்கும் எரியணும்."

அதற்கு அருமைநாயகத்திடம் பதில் இருந்தது. உங்கள் உலையின் கழிவை ஆயிரக்கணக்கான வருஷம் காவல் காக்க வேண்டுமே, அந்தக் காவலர்கள் எல்லாரும் நல்லவர்களாக இருப்பார்கள் என்று எப்படி நம்புகிறீர்கள், அவர்கள் இன்னும் பிறக்கவேயில்லையே என்று கேட்பார். நான் இன்றைக்கு இருக்கிறவர்களை நம்புகிறேன், நீங்கள் பிறக்காதவர்களை நம்புகிறீர்கள் என்று முடிப்பார். கூட்டம் கை தட்டும். மங்கையர்க்கரசி அதை மறுத்ததில்லை. யோசிக்க வேண்டிய கேள்விதான் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொள்வார்.

வேலாங்கரைக்காரர்களில் அருமைநாயகத்துக்கு மிகவும் பிடித்தவள் செலஸ்டினா. கடற்கரையோரம் இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருந்தாள். கணவன் கப்பலில் வேலை பார்க்க, தாய் இறால் வாங்குவதிலிருந்து குஞ்சுகளை வண்டியேற்றுவது வரை எல்லாம் அவள் பொறுப்பு. தொட்டிகளுக்குள் காற்றை ஊதும் ஏரேட்டர்கள் இரவும் பகலும் ஓட வேண்டும். சிறிது நேரம் நின்றாலும் குஞ்சுகள் மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஜெனரேட்டருக்கு டீசல் கிடைத்த காலம் போய்விட்டது. அவளுக்கு வீட்டுக்கு ஓர் இணைப்பும் பண்ணைக்கு ஓர் இணைப்பும் இருந்தன. பெட்டி கேட்கும்போதெல்லாம் வீட்டுக்குப் பச்சை, பண்ணைக்குச் சாம்பல். பச்சையை அமுக்கிவிட்டு வேர்க்க வேர்க்கப் பிள்ளைகளோடு முற்றத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"இல்லைன்னு சொல்லவும் ஒரு பொத்தான் வச்சிருக்கீயள்லா சார், அதுனாலதான் நான் இதுக்கு ஒத்துக்கிட்டேன்," என்று ஒருமுறை அவரிடம் சொன்னாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் வங்கக்கடலில் ஒரு புயல் சின்னம் உருவாகி, கரைக்கும் வராமல் கலைந்தும் போகாமல் நின்ற இடத்திலேயே நின்றது. வானம் ஈயத்தகடுபோல மூடிக்கொண்டது. மழையும் இல்லை. காற்றாலைகளின் இறக்கைகள் அசையவில்லை. பேட்டரிகள் நாளுக்கு நாள் வற்றின. பெட்டி தினமும் கேட்டது. ஜனங்கள் தினமும் கொடுத்தார்கள். அருமைநாயகத்துக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது. அவரும் கொடுத்தார். மனைவி எஸ்தர் ராணி நனைந்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சமைத்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் நாகர்கோவிலிலிருந்து மகள் பெனிட்டாவைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம், பையன் டாக்டர். இதற்கு முன்னால் இரண்டு இடங்கள் கைகூடி வந்து தட்டிப்போயிருந்ததால் எஸ்தர் ராணி அந்த வாரம் முழுவதும் ஜெபத்தில் இருந்தாள். காலையில் பெட்டி இன்னும் கேட்காததால் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பையனின் அம்மா பட்டுச்சேலையில், கனமான உடம்போடு, படியேறி வந்த களைப்பில் சோபாவில் சாய்ந்து, அப்பாடா என்றார். உங்கள் ஊரில் கரண்டே இருக்காது என்று சொன்னார்களே, நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

மதியச் சாப்பாட்டுக்கு இலை போடும் நேரத்தில் நடையிலிருந்து பெட்டி கேட்டது. கரண்டு பத்தாம இருக்கு.

அருமைநாயகம் எழுந்து போனார். பச்சைப் பொத்தானின் மேல் விரலை வைத்தார். அடுக்களை வாசலில் எஸ்தர் ராணி நின்றுகொண்டிருந்தாள். கையில் சாம்பார் வாளியோடு அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். உள்ளே பையனின் அம்மா எதற்கோ சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பு நின்றுபோய் வியர்வையும் விசிறி மட்டையுமாக அந்தக் கூடம் மாறுவதை அவர் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். ஒரு வீடுதானே. ஊரே கொடுக்கிறது. இன்றைக்கு ஒருநாள்தானே. விரல் சாம்பல் நிறப் பொத்தானுக்கு நகர்ந்தது.

கூடத்துக்குத் திரும்பியதும் பையனின் அப்பா அது என்ன குரல் என்று கேட்டார். அருமைநாயகம் இரவல் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். எப்போதும் சொல்வதுபோல அழகாகவே சொன்னார். இந்த ஊர் ஜனங்கள் முகம் தெரியாதவர்களுக்காக விட்டுக்கொடுக்கிறார்கள், அதனால்தான் நாம் இப்போது இப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்றார். சொல்லி முடித்தபோதுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கு உறைத்தது. வந்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். பையனின் அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கே சம்பந்தம் பேசி முடிந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் கணினி குலுக்கல் போட்டது. போதாமல் போனது கொஞ்சம்தான். கடற்கரைப் பக்கம் ஒரு பகுதிக்குச் சீட்டு விழுந்தது.

மறுநாள் செய்தி கேள்விப்பட்டு அவர் பண்ணைக்குப் போனார். தொட்டிகளில் தண்ணீர் அசைவற்றுத் தெளிந்து கிடந்தது. அடியில் ரவையைக் கொட்டி வைத்ததுபோலக் குஞ்சுகள் வெள்ளையாகப் படிந்திருந்தன. நாற்றம் அப்போதுதான் கிளம்பத் தொடங்கியிருந்தது. வேலைக்காரப் பெண்கள் வலைத்துணியால் அரித்தெடுத்து வெளியே குழிக்குக் கொண்டுபோனார்கள். செலஸ்டினாவின் முழங்கைவரை தோல் ஊறிச் சுருங்கியிருந்தது. கரண்டு போனதிலிருந்து பண்ணையில் வைத்திருந்த சின்னப் பேட்டரி தாங்கியவரை தாங்கி, பிறகு ஆளுக்கொரு வாளியாகத் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்சமாவது காற்றுக் கலக்கட்டும் என்று.

தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். இந்தத் திட்டம்தானே உங்களை அழித்தது என்று அவளிடம் கேட்டார்கள். அவள் மைக்கைப் பார்க்காமல் அருமைநாயகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"சார் என்ன செய்வாவ? குலுக்குனா யார் தலையிலயாவது விழத்தான் செய்யும். நாலு பேரு விடாம இருந்திருப்பாவ. அவியளையும் குத்தம் சொல்லக் கூடாது. வீட்ல என்ன கஷ்டமோ, பச்சப்புள்ள கெடந்துச்சோ, நோயாளி கெடந்துச்சோ. சும்மா யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாவ."

அருமைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைத் திரும்ப மாட்டிக்கொள்ளத் தைரியம் வராமல் துடைத்துக்கொண்டே இருந்தார். யாரோ அவர் அழுகிறார் என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

அதற்குப் பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏசியைக் கழற்றச் சொல்லிவிட்டார். காரணம் எஸ்தர் ராணிக்கும் தெரியும். இருவரும் நடையில் அந்தப் பெட்டியைத் தாண்டும்போது அதை ஏறிட்டுப் பார்க்காமல் தாண்டினார்கள். கல்லூரியில் மாணவர்கள் எழுந்து நின்று வணக்கம் சொன்னால் அவருக்குக் காது சூடேறியது. தன் வீட்டு மின்சாரத்தை மட்டும் கொடுத்திருந்தால் பண்ணை பிழைத்திருக்குமா என்று தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிழைத்திருக்காது. அவரைப்போல வேறு சிலரும் மறுத்ததால்தான் அவ்வளவு குறைந்திருக்கிறது. அந்த விடையில் ஓர் ஆறுதல் கிடைக்கும் என்றுதான் கணக்கில் உட்கார்ந்தோம் என்பது தெரிந்தபோது அருவருப்பாக இருந்தது. தாளைக் கிழித்தார்.

தேசியக் குழு வேலாங்கரை கல்யாண மண்டபத்தில் இறுதி விசாரணை வைத்தது. மங்கையர்க்கரசி முதலில் பேசினார். பண்ணையைப் பற்றிச் சொல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அதைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. உலைகளில் என்ன ஆபத்து உண்டு, என்ன இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். எந்தக் கிராமங்கள் காலி செய்ய வேண்டியிருக்கும் என்றுகூடச் சொன்னார். உட்காரும்போது மட்டும், தன் வீட்டுப் பெட்டி கேட்டபோதெல்லாம் தான் பச்சையைத்தான் அமுக்கியதாகவும், இருந்தாலும் அடுத்தவர் அப்படிச் செய்வார் என்று நம்பி ஒரு நாட்டை நடத்தக் கூடாது என்பதே தன் கருத்து என்றும் சொன்னார்.

அருமைநாயகத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எழுதி வைத்திருந்த உரையை மடித்துப் பையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"அந்த நாலு பேர்ல நானும் ஒருத்தன்," என்றார். "வீட்ல பச்சப்புள்ள இல்லை. நோயாளி இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருந்தாங்க. ஏசி ஓடணும்னு நெனச்சேன்."

பின்வரிசையில் செலஸ்டினா உட்கார்ந்திருந்தாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இந்தத் திட்டத்தை நிராகரித்துவிடுங்கள், இதை உருவாக்கியவனே தவறு செய்துவிட்டான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

முதலில் ஒருவர் கை தட்டினார். பிறகு மண்டபமே தட்டியது. சிலர் எழுந்து நின்றார்கள். அருமைநாயகம் திகைத்துப்போய் அதைப் பார்த்தார். அவர் எதிர்பார்த்து வந்தது வசவை.

மங்கையர்க்கரசி மட்டும் கை தட்டவில்லை. கூட்டம் கலைந்தபோது அவர் அருகில் வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதைச் செலஸ்டினாகிட்ட தனியாச் சொல்லியிருக்கலாமே சார்."

"ஊருக்கு முன்னாடி சொல்றதுதானே நேர்மை?"

"உங்களுக்கு நேர்மை. மத்தவங்களுக்கு? இனிமே ஒவ்வொருத்தனும் பக்கத்து வீட்டைப் பாத்து, இவன் என்ன அமுக்கினான்னு கேப்பான். யார் எதை அமுக்கினாங்கன்னு தெரியாம நீங்க மறைச்சு வச்சது பெரிய விஷயம் சார். நான் அதை எதிர்த்ததே இல்லை, கவனிச்சீங்களா? உங்க திட்டத்துல எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான்."

அவர் சொன்னபடியே நடந்தது. இத்தனை நல்ல மனிதரே யாரும் பார்க்காதபோது தவறு செய்துவிட்டார் என்றால் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டால் என்ன என்று குழு கேட்டது. பத்திரிகைகள் கேட்டன. டீக்கடையில் கேட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு விளக்கு. உள்ளே சாம்பல் நிறப் பொத்தானை அமுக்கினால் வெளியே மஞ்சளாக எரியும். தண்டனை இல்லை, அபராதம் இல்லை, வெறும் விளக்கு. குழுவின் தலைவர் அருமைநாயகத்தின் வீட்டுக்கே வந்து அவர் கருத்தைக் கேட்டார். மறைவில் தப்புச் செய்தவன் அந்த மறைவைக் காக்க எந்த முகத்தோடு வாதாடுவது? அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

விளக்கு வந்த பிறகு வேலாங்கரையில் பெட்டி கேட்டபோதெல்லாம் தேவையானது கிடைத்தது. குலுக்கல் போட வேண்டிய நிலை ஒருமுறைகூட ஏற்படவில்லை. இரவல் நாடெங்கும் பரவியது. அணு உலைத் திட்டத்தைக் கைவிட்ட அன்று, காலி செய்ய வேண்டியிருந்த கிராமங்களில் வெடி வெடித்து, அருமைநாயகத்தின் படத்தைப் படகுகளில் கட்டிக்கொண்டு கடலில் சுற்றி வந்தார்கள். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. அவர்களுடைய வீடுகள் பிழைத்தன. பெனிட்டாவின் கல்யாணமும் நடந்தது. சம்பந்தியம்மாள் மட்டும் அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் விசிறிகூட வேண்டாம் என்று மறுத்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்காகவா அப்படிச் செய்தீர்கள் என்று அவர் ஒருமுறை கேட்டுவிட்டு அழுததற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

செலஸ்டினா பண்ணையை மறுபடி தொடங்கியிருந்தாள். அருமைநாயகம் அந்தப் பக்கம் போகாமலே இருந்தார். மறுவருஷம் மழைக்காலத்தில், காற்று நின்று வானம் மூடிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுப் பெட்டி கேட்டது. பச்சையை அமுக்கினார். அமுக்கிய கையோடு பண்ணை ஞாபகம் வந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

வழியில் ஒரு வாசலிலும் விளக்கு எரியவில்லை. பண்ணை வாசலிலும் எரியவில்லை. உள்ளே போனார். ஏரேட்டர்களின் சத்தம் இல்லை. செலஸ்டினாவும் இரண்டு பெண்களும் தொட்டிக்குத் தொட்டி ஓடி, வாளியில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்தும் அவள் கை நிற்கவில்லை.

"பண்ணைக்குமா பச்சை அமுக்கினே?" என்று கேட்டார்.

"பேட்டரி இம்புட்டு நேரம் ஓடுச்சு சார். இப்பதான் நின்னுச்சு. சாயங்காலம் வரைக்கும் ஊத்தித் தாக்காட்டிருவோம்."

"செத்துரும் செலஸ்டினா. உனக்கு இல்லைன்னு சொல்ல உரிமை இருக்கு."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "போன தடவ சொன்னேன் சார். விளக்கு எரிஞ்சிச்சு. கோயில்ல என் பக்கத்துல யாரும் உக்காரலை. எம்மவ கிளாசுல, உங்கம்மா மட்டும் ஏன் குடுக்க மாட்டாவளாம்னு கேட்டிருக்காவ. புள்ள அழுதுகிட்டு வந்து நிக்கா. வீட்டுக்கு நான் குடுத்தது ஒருத்தர் கண்ணுக்கும் தெரியல."

அருமைநாயகம் சுவரில் இருந்த பெட்டியிடம் போய், பச்சையை மாற்றிச் சாம்பல் நிறப் பொத்தானை அவரே அமுக்கினார். ஏரேட்டர்கள் செருமிக்கொண்டு ஓடத் தொடங்கின. செலஸ்டினா தடுக்கவில்லை. தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே விளக்கு எரியுமே என்று அவருக்குத் தோன்றியது. வேகமாக நடந்து வாசலுக்குப் போனார். ஊர் அவளைக் கேட்பதற்கு முன்னால் தன்னைக் கேட்கட்டும் என்று விளக்குக்குக் கீழே வாசல் ஓரக் கல்லில் உட்கார்ந்துகொண்டார். மாதா கோயிலில் பூசை முடிந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பேராசிரியர் தெருவோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார்கள். ஐயா, ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நான்தான் அமுக்கினேன், அவள் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள், பிறகு தலையை நிமிர்த்தி விளக்கைப் பார்த்தார்கள், பிறகு கேட்டுக்கு உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"பெரிய மனுசரைக் கொண்டாந்து வாசல்ல உக்கார வச்சிட்டாளே," என்று ஒரு பெண் போகிறபோக்கில் சொன்னாள்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்து அந்த விளக்கைப் பார்த்தார். பகல் வெளிச்சத்தில் அது எரிவதே சரியாகத் தெரியவில்லை. தேடிப் பார்த்தால்தான் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. அவர் அங்கே உட்காராமல் இருந்திருந்தால் பாதிப்பேர் அதைக் கவனிக்காமலே கடந்துபோயிருப்பார்கள்.

பின்னால் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. செலஸ்டினா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள். தெருவில் நின்றவர்களை அவள் பார்க்கவில்லை.

"உள்ள வாங்க சார்," என்றாள். "போதும்."

அவர் எழுந்து அவள் பின்னால் போனார். அவள் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தொட்டிகளில் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. அவள் ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் தண்ணீரை மொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உயிரோடு ஏதாவது நீந்துகிறதா என்று பார்த்தாள்.